கன்றிய நிறம், கடுங்கோபம்: ‘லிவிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழகும் முறை

ஆங்கிலக் கதைகளைத் தமிழில் மொழிபெயர்க்கப் பழகும் சிலர் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடுவார்கள். ஒரு வாரம், துப்பறியும் கதை ஒன்றிலிருந்து ஒரு பத்தி கொடுத்திருந்தேன். அதில் ஒருவனுடைய கன்னத்தில் ‘எ லிவிட் ஸ்கார்’ இருப்பதாக ஒரு வரி வரும். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் அதைக் ‘கோபமான தழும்பு’ என்று எழுதிக்கொண்டு வந்தார். அவருடைய கைபேசி அகராதி முதல் பொருளாக ‘கடும் கோபம் கொண்ட’ என்று காட்டியிருக்கிறது. அவர் அதை நம்பி அப்படியே வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் இன்னொருவர் இதற்கு நேர் எதிர்த் திசையில் தவறினார். ‘ஹெர் ஃபாதர் வாஸ் லிவிட்’ என்ற வரிக்கு அவர் எழுதியது: ‘அவளுடைய அப்பாவின் உடல் நீலம் பாரித்திருந்தது.’ கதையில் அந்த அப்பா உயிரோடு வாசலில் நிற்கிறார், மகள் ஏன் இவ்வளவு நேரம் கழித்து வந்தாள் என்று கேட்கிறார். இவரும் அகராதி பார்த்துத்தான் எழுதினார். இவருடைய அகராதியில் நிறம் முதலில் இருந்தது, கோபம் கடைசியில் இருந்தது.

இரண்டு பேரும் உழைப்பில் குறை வைக்கவில்லை. ஒரு சொல்லுக்கு அகராதியில் நான்கு பொருள் இருந்தால், அந்த நான்கும் எப்படி ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ‘லிவிட்’ அதற்கு மிகப் பொருத்தமான சொல். இதன் வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால் பிறகு எந்த இடத்திலும் தடுமாற வேண்டியதில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்காக அந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லைக் காதால் பிடியுங்கள்

எல், ஐ, வி, ஐ, டி. ஐந்தே எழுத்து. ‘லி’ என்ற முதல் அசையில் அழுத்தம் விழும். இரண்டு இகரமும் குறில்தான். ‘லைவிட்’ என்றோ ‘லீவிட்’ என்றோ நீட்ட வேண்டாம்.

இதோடு மிகவும் குழம்பும் சொல் ‘விவிட்’. ஓர் எழுத்துதான் மாறுகிறது, பொருளோ வெகு தூரம். ‘விவிட்’ என்றால் உயிரோட்டமான, கண்முன் நிற்கிற, பளிச்சென்ற நிறமுடைய என்று பொருள். வாழ்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது அது. ‘விவிட் மெமரி’ என்றால் நேற்று நடந்ததுபோல மனத்தில் இருக்கும் நினைவு. அந்த இடத்தில் ‘லிவிட்’ வந்தால் வரி உடைந்துவிடும். வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றி அடித்துவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள்.

இங்கே ஒரு சின்ன ரகசியம் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ‘இட்’ என்று முடியும் பெயரடைகள் பல ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். லத்தீனில் வெளிறுவதைக் குறிக்கும் வினையிலிருந்து ‘பேலிட்’ வந்தது. அஞ்சுவதிலிருந்து ‘டிமிட்’. ஒளிர்வதிலிருந்து ‘ஸ்ப்ளெண்டிட்’. மலைத்துப்போய் நிற்பதிலிருந்து ‘ஸ்டுபிட்’. அதேபோல நீலம் பாரிப்பதைக் குறிக்கும் ‘லிவேரே’ என்ற வினையிலிருந்து ‘லிவிட்’. அதாவது இந்தச் சொற்களெல்லாம் ஒரு பொருளோ ஆளோ இருக்கும் நிலையைச் சொல்பவை. யாரோ ஒருவர் செய்யும் செயலை அவை சொல்வதில்லை. இதை மனத்தில் வையுங்கள், கோபத்தைப் பற்றிப் பேசும்போது கைகொடுக்கும்.

இரண்டாம் படி: நிறத்தைக் கண்ணால் பாருங்கள்

கோபத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொள்கிறது. தோல் கிழியவில்லை, ஆனால் உள்ளே ரத்தம் கட்டிவிடுகிறது. மறுநாள் பார்த்தால் அந்த இடம் கருநீலமாக, சற்று ஊதா கலந்து இருக்கிறது. நாம் அதைக் ‘கன்றிப்போயிருக்கிறது’ என்கிறோம். ‘லிவிட்’ பிறந்த இடம் இதுதான்.

15ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு இந்த நிறம் மட்டுமே பொருள். கன்றிய காயத்தின் நிறம், ஈயத்தின் நிறம். ரஷ்ய மொழியில் பிளம் பழத்துக்குச் ‘ஸ்லிவா’ என்று பெயர். அந்தச் சொல்லும் லத்தீன் ‘லிவேரே’யும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை என்று சொல்லாராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பிளம் தோலின் நிறம் தெரியாதவர்கள் நாவற்பழத்தை நினைத்துக்கொள்ளலாம். பழம் தின்ற பிறகு நாக்கில் தங்கும் நிறம் இன்னும் பொருத்தம்.

காயம் ஏன் அப்படி நிறம் மாறுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. தோலுக்கடியில் கசிந்த ரத்தத்தில் உள்ள சிவப்பணுப் பொருளை உடல் மெல்லமெல்ல உடைக்கிறது. சிவப்பாக இருந்தது கருநீலமாகிறது, சில நாளில் ஓரங்கள் பச்சையாகின்றன, பிறகு மஞ்சளாகி மறைகின்றன. இந்தப் பயணத்தில் ‘லிவிட்’டுக்கு உரியது அந்தக் கருநீலக் கட்டம். மஞ்சளாகிவிட்ட பழைய காயத்தை யாரும் ‘லிவிட்’ என்று எழுதமாட்டார்கள். ஆகவே ஒரு கதையில் ‘எ லிவிட் புரூஸ்’ என்று வந்தால், அடி விழுந்து அதிக நாள் ஆகவில்லை என்ற செய்தியும் அதற்குள் இருக்கிறது. துப்பறியும் கதைகளில் இது சில சமயம் முக்கியமான குறிப்பு.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தச் சொல் வெளிர்நிறத் தோலைப் பார்த்துப் பழகியவர்களிடம் வளர்ந்தது. நம் ஊர்த் தோலில் கன்றிய இடம் எப்போதும் அவ்வளவு வெளிப்படையாக நீலமாகத் தெரியாது, சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுத்து, தொட்டால் வலிக்கும் திட்டாகத்தான் இருக்கும். அதனால்தான் நம்மில் பலருக்கு ‘லிவிட்’ ஒரு நிறமாக மனத்தில் பதிவதே இல்லை. உதட்டையும் நகக்கண்ணையும் நினைத்துக்கொண்டால் எளிது. கடும் குளிரிலோ மூச்சுத் திணறலிலோ அங்கே வரும் நிறம் எல்லோருக்கும் தெரியும்.

மருத்துவத்தில் இந்தச் சொல் இன்னும் நிறமாகவே வாழ்கிறது. ஒருவர் இறந்ததும் இதயம் நின்றுவிடுவதால் ரத்தம் தன் எடையால் கீழ்ப்பக்கம் தேங்குகிறது. மல்லாந்து கிடந்தால் முதுகுப்பக்கம் கருநீலமாகிறது. தரையில் அழுந்தியிருக்கும் பகுதிகள் மட்டும் வெளிறியே இருக்கும். இதற்கு ‘லிவோர் மோர்ட்டிஸ்’ என்று லத்தீன் பெயர், பேச்சு வழக்கில் ‘லிவிடிட்டி’. சில மணி நேரம் கழித்து இந்த நிறம் அங்கேயே நிலைத்துவிடும். அதற்குப் பிறகு உடலைப் புரட்டிப் போட்டாலும் நிறம் பழைய இடத்திலேயே இருக்கும். ஆகவே உடல் கிடக்கும் விதமும் நிறம் படிந்திருக்கும் இடமும் ஒத்துப்போகாவிட்டால், யாரோ உடலை நகர்த்தியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தவர்களிடம் இது செர்ரிப்பழச் சிவப்பாக இருக்கும். பிரேதப் பரிசோதனை வரும் கதையை மொழிபெயர்க்கிறவர் ‘லிவிடிட்டி’ என்ற சொல்லைக் கண்டதும் கோபத்தின் பக்கமே போகக் கூடாது.

மூன்றாம் படி: நிறம் கோபமான இடத்தைப் பிடியுங்கள்

கோபம் வந்தால் முகத்தில் நிறம் மாறுகிறது. தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்தால் முகம் சிவக்கிறது, சுருங்கினால் வெளிறுகிறது. ஆங்கில எழுத்தாளர்கள் இந்த மாற்றங்களையெல்லாம் எழுதினார்கள். ‘ரெட் வித் ஆங்கர்’ உண்டு, ‘ஒயிட் வித் ஆங்கர்’ உண்டு, ‘பர்ப்பிள் வித் ரேஜ்’ கூட உண்டு. அந்த வரிசையில் ‘லிவிட் வித் ரேஜ்’ என்பதும் வந்து சேர்ந்தது. அங்கே ‘லிவிட்’ நிறம்தான். ‘கோபத்தால் முகம் கன்றிய நிறமாகி’ என்பதே அந்தத் தொடரின் பொருள். கோபம் என்ற செய்தியைச் சொன்னது ‘ரேஜ்’.

காலப்போக்கில் ‘வித் ரேஜ்’ உதிர்ந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஹீ வாஸ் லிவிட்’ என்று மட்டும் சொன்னாலே கடுங்கோபத்தில் இருந்தான் என்று புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். துணைக்கு நின்ற சொல் போய், அதன் பொருளையும் சேர்த்து இந்தச் சொல் சுமந்துகொண்டது.

தமிழருக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பியம் உரியியலில் சொல்லிவிட்டது. வெகுளி என்றால் கோபம். அடுத்த நூற்பாவிலேயே, அவை நிறத்தை உணர்த்துவதற்கும் உரியவை என்று வருகிறது. கறுத்தல், சிவத்தல் என்ற இரண்டு நிறச் சொற்களும் சினத்தையும் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும், இடம் பார்த்துக் கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. ‘லிவிட்’டுக்கு நான் எழுத நினைத்த வழிகாட்டியை இரண்டே வரியில் அது முடித்துவிட்டது. பழந்தமிழில் ‘கறுத்தோர்’ என்றால் பகைவர். இன்றைக்கும் ‘அவன் இவர்மேல் கறுவிக்கொண்டிருக்கிறான்’ என்கிறோமே, அந்தக் கறுவலும் இந்த உறவுதான்.

அந்த மாடி வகுப்பில் இந்த நூற்பாவைச் சொன்னபோதுதான் ‘கோபமான தழும்பு’ எழுதிய பெண்ணுக்கு விஷயம் சட்டென்று விளங்கியது. ஆங்கில விளக்கம் எதுவும் அவ்வளவு வேகமாக அவரிடம் போய்ச் சேரவில்லை.

சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘லிவிட்’ என்றதும் செக்கச்சிவந்த முகத்தை நினைக்கிறவர்கள் ஆங்கிலேயரிலேயே நிறைய உண்டு. கோபம் என்றால் சிவப்பு என்ற பழக்கம் சொல்லின் பழைய நிறத்தை மறைத்துவிட்டது. சில அகராதிகள் சிவந்த நிறம் என்பதையும் இப்போது ஒரு பொருளாகச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே அந்தப் பொருளில் யாராவது எழுதினால் தவறு என்று வாதாட வேண்டாம். நீங்கள் எழுதும்போது மட்டும் கருநீலத்துக்கும் ஈய நிறத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த வாசகரிடமும் பழுதாகாது.

நான்காம் படி: எந்தப் பெயர்ச்சொல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது?

நடைமுறையில் உங்களுக்கு மிகவும் பயன்படப்போவது இந்தக் கேள்விதான். வாக்கியத்தில் ‘லிவிட்’ வந்ததும், அது எதைப் பற்றிச் சொல்கிறது என்று பாருங்கள்.

தழும்பு, காயம், உதடு, கன்னம், வானம், மேகம், கடல், வெளிச்சம் என்றால் நிறம். அம்மா, மேலாளர், வாடிக்கையாளர், பயணிகள், அண்டைவீட்டுக்காரர் என்றால் கோபம். பத்தில் ஒன்பது இடத்தில் இந்தப் பிரிவே போதும்.

இடமும் ஒரு துப்பு. நிறப்பொருளில் வரும்போது ‘எ லிவிட் மார்க்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்பது அதிகம். கோபப்பொருளில் ‘ஷீ வாஸ் லிவிட்’ என்று வினைக்குப் பின்னால் நிற்பது அதிகம். ‘எ லிவிட் கஸ்டமர்’ என்று செய்தித்தாளில் வரத்தான் செய்கிறது, ஆனால் பேச்சில் ‘தி கஸ்டமர் வாஸ் லிவிட்’ என்பதே இயல்பு.

கோபத்தைக் குறிக்கும் மற்றொரு சொல்லான ‘ஃப்யூரியஸ்’ஸோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லை இன்னும் துலங்கும். ‘ஃப்யூரியஸ் ஸ்டார்ம்’ என்றால் சீற்றம்கொண்ட புயல். ‘ஃப்யூரியஸ் பேஸ்’ என்றால் வெறித்தனமான வேகம். ‘ஃப்யூரியஸ் ஆர்க்யுமென்ட்’ என்றால் கடுமையான வாக்குவாதம். இந்த எந்த இடத்திலும் ‘லிவிட்’டைப் போட முடியாது. புயலை ‘லிவிட்’ என்றால் அதன் நிறத்தைச் சொல்வதாகத்தான் ஆகும். வேகத்துக்கும் வாக்குவாதத்துக்கும் நிறம் கிடையாது, ஆகவே அங்கே பொருளே இல்லை. சீறி வரும் காளைக்கும் இது பொருந்தாது. ஏன் என்று யோசித்தால் விடை பழைய கதையிலேயே இருக்கிறது. இந்தச் சொல் மனித முகத்தின் நிறத்திலிருந்து கோபமானது. முகம் நிறம் மாறும் ஓர் ஆள் இருந்தால்தான் கோபப்பொருள் அங்கே நிற்கும்.

முன்பு சொன்னேனே, இது நிலையைக் காட்டும் சொல் என்று, அதுவும் இங்கே வேலை செய்கிறது. ‘லிவிட்’ ஆக இருப்பவர் கத்தியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. வாயே திறக்காமல், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போயிருக்கலாம். கத்தினார், பாத்திரத்தை எறிந்தார் என்றெல்லாம் வேண்டுமானால் அதை எழுத்தாளர் தனியாகச் சொல்வார். மொழிபெயர்க்கும்போது நாமாக ஒரு கத்தலைச் சேர்த்துவிடக் கூடாது.

ஐந்தாம் படி: பக்கத்தில் என்ன சொல் வரலாம்

ஆள்மேல் கோபம் என்றால் ‘வித்’. ‘ஷீ வாஸ் லிவிட் வித் ஹிம்.’ நடந்த விஷயத்தின்மேல் என்றால் ‘அட்’ அல்லது ‘அபவுட்’. ‘தே வேர் லிவிட் அபவுட் தி டிலே.’ முழு வாக்கியமாகக் காரணம் சொல்ல வேண்டுமானால் ‘தட்’. ‘ஹீ வாஸ் லிவிட் தட் நோபடி ஹாட் கால்ட் ஹிம்.’ ‘லிவிட் பை’ வராது, ‘லிவிட் ஆன்’ வராது. ‘அவர்மேல் கோபம்’ என்ற தமிழ்ப் பழக்கத்தில் நாம் ‘ஆன்’ போட்டுவிடுவோம், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

‘வெரி லிவிட்’ என்று எழுத வேண்டாம். மிகுதி ஏற்கெனவே சொல்லுக்குள் இருக்கிறது. ‘கொதிநீர்’ என்ற பிறகு அதை ‘மிகவும் கொதிநீர்’ என்று யாரும் சொல்வதில்லை, அதே கணக்கு. அழுத்தம் வேண்டுமானால் ‘அப்சல்யூட்லி லிவிட்’ என்பார்கள். ‘மோர் லிவிட்’, ‘எ பிட் லிவிட்’ போன்றவற்றையும் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. கொஞ்சம் எரிச்சல் என்றால் ‘அனாய்ட்’ இருக்கிறது, சாதாரணக் கோபத்துக்கு ‘ஆங்க்ரி’ இருக்கிறது, அதற்கும் மேலே போனால் ‘ஃப்யூரியஸ்’. ‘லிவிட்’ அந்த ஏணியில் ஏறக்குறைய உச்சியில் இருப்பது.

‘லிவிட்லி’ என்ற வினையடை அகராதியில் இருக்கிறது. நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை, உங்களுக்கும் தேவைப்படாது.

ஆறாம் படி: எப்போது சொல்லலாம், எப்போது வேண்டாம்

இது பேச்சில் அதிகம் புழங்கும் சொல். பிரிட்டன்காரர்கள் அன்றாடப் பேச்சில் இதைத் தாராளமாகச் சொல்வார்கள். அதிலும் நடந்துமுடிந்ததை நண்பரிடம் விவரிக்கும்போது. ‘டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள், ஐ வாஸ் லிவிட்’ என்பது போல. சொன்னவர் இப்போது டீ குடித்துக்கொண்டிருக்கலாம். இறந்தகாலத்தில், கதை சொல்லும் தொனியில் வருவதுதான் இதற்குச் சொந்த வீடு.

கோபத்துக்குப் பின்னால் ஒரு நியாயமும் பெரும்பாலும் இருக்கும். வாக்குக் கொடுத்து ஏமாற்றினார்கள், சொல்லாமல் செய்தார்கள், மதிக்கவில்லை. வெயிலில் நின்றதால் வந்த எரிச்சலுக்கு இந்தச் சொல் பெரியது.

எழுத்தில், அதுவும் அலுவலகக் கடிதத்தில், வேண்டாம் என்பேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் வாங்கிய மிக்ஸி இரண்டாம் நாளே நின்றுபோனது. அவர்களுடைய சேவைப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சலை ‘ஐ அம் லிவிட்’ என்றே தொடங்கினேன். என் மனநிலைக்கு அது சரியான சொல்தான், பொய்யே இல்லை. ‘உங்கள் மனவருத்தத்துக்கு வருந்துகிறோம்’ என்று இரண்டு வரியில் பதில் வந்தது, மிக்ஸி வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் கோபத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வாங்கிய தேதி, ரசீது எண், எந்த நாளில் எப்படி நின்றது, எனக்கு வேண்டியது மாற்றுப் பொருளா பணமா, எத்தனை நாளுக்குள் என்று எழுதினேன். அந்த வாரமே மாற்று மிக்ஸி வந்தது. முதல் கடிதத்தைப் படித்தவருக்கு என் உணர்ச்சி தெரிந்தது, அவர் செய்ய வேண்டிய வேலை தெரியவில்லை. புகார்க் கடிதத்தில் அவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டால் ‘எக்ஸ்ட்ரீம்லி டிசப்பாயின்டட்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது பயன் தரும்.

மேலதிகாரியைப் பற்றி அலுவலகக் குழுவில் ‘ஷீ இஸ் லிவிட்’ என்று எழுதுவதும் ஆபத்து. அவர் முகத்தைப் பார்த்து நாமாக ஊகித்த ஒன்றை அவர் சொன்ன செய்தியாக மாற்றிவிடுகிறோம்.

ஏழாம் படி: தமிழில் கொண்டுவரும்போது

நிறப்பொருள் எளிது. காயத்துக்குக் ‘கன்றிய’. வானத்துக்கு ‘கறுத்து ஈய நிறமான’. உடலுக்கும் உதட்டுக்கும் ‘நீலம் பாரித்த’. தழும்புக்குக் ‘கருஞ்சிவப்பு’ அல்லது ‘கன்றி நிறம் மாறாத’. கதையில் தழும்பு எவ்வளவு பழையது என்று பார்த்து இரண்டில் ஒன்றை எடுக்கலாம். அந்தப் பெண் கடைசியில் எழுதியது, ‘கன்னத்தில் இன்னும் கன்றல் மாறாத ஒரு தழும்பு’. ஆங்கில வரியைவிட அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கோபப்பொருளில்தான் யோசிக்க வேண்டும். நம்மிடம் கோபத்துக்குச் சொற்கள் ஏராளம், ஆனால் பல சொற்கள் செயலைக் காட்டுபவை. எரிந்து விழுந்தார், பொரிந்து தள்ளினார், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார், சாமியாடினார். இவை எல்லாவற்றிலும் சத்தம் இருக்கிறது, உடம்பின் அசைவு இருக்கிறது. ‘லிவிட்’டில் அது இல்லை என்று பார்த்தோம். நிலையை மட்டும் காட்ட ‘கொதித்துப்போயிருந்தார்’, ‘கடுங்கோபத்தில் இருந்தார்’, ‘ஆத்திரத்தில் முகமே மாறிவிட்டது’ போன்றவை பொருந்தும். மூன்றாவதில் பழைய நிறத்தின் சாயலும் தங்குகிறது, எனக்கு அதுவே விருப்பம்.

‘முகம் கறுத்தது’ என்று எழுதலாமே, தொல்காப்பியமே சொல்கிறதே என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் இன்றைய பேச்சில் ‘அவர் முகம் கறுத்துவிட்டது’ என்றால் அவமானப்பட்டார், மனம் வாடினார் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்கிறார். கல்யாண வீட்டில் சரியாகக் கவனிக்காதபோது பெரியப்பாவின் முகம் கறுக்குமே, அது. ‘முகம் சிவந்தது’ என்பதிலும் சிக்கல் உண்டு, வெட்கத்துக்கும் அதே சொல் வரும். ‘கோபத்தில்’ என்ற சொல்லைக் கூடவே வைத்துவிட்டால் இரண்டும் பிழைக்கும். ஆங்கிலம் உதிர்த்துவிட்ட அந்தத் துணைச்சொல்லை நாம் மீண்டும் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

‘வயிறெரிந்தார்’ வேண்டாம். நம் வயிற்றெரிச்சலில் பொறாமையும் மனக்குறையும் கலந்திருக்கும். லத்தீன் ‘லிவிடஸ்’ஸுக்கும் பொறாமை கொண்ட என்ற பொருள் இருந்தது உண்மைதான். இன்றைய ஆங்கிலத்தில் அது கிடையாது.

எட்டாம் படி: கையோடு ஒரு பயிற்சி

ஒரு தாளில் நான்கு வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். ‘தி ஸ்கை டர்ன்ட் லிவிட் பிஃபோர் தி ரெய்ன்.’ ‘மை ஆன்ட் வாஸ் லிவிட் தட் வி ஹாட் லெஃப்ட் வித்தவுட் ஈட்டிங்.’ ‘ஹிஸ் லிப்ஸ் வேர் லிவிட் வித் கோல்ட்.’ ‘ஹிஸ் ஃபேஸ் வாஸ் லிவிட்.’ ஒவ்வொன்றிலும் சொல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று வட்டமிட்டுவிட்டு, பிறகு தமிழில் எழுதுங்கள்.

முதலாவதில் வானம், ஆகவே நிறம். மழைக்கு முன் வானம் ஈயம்போலக் கறுத்தது. இரண்டாவதில் அத்தை, காரணமும் தெளிவு. சாப்பிடாமல் கிளம்பியதில் அத்தைக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று நம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவதில் ‘வித்’ இருப்பதால் யாரோ ஒருவர்மேல் கோபம் என்று கை தானாகப் போகும். நிறுத்துங்கள். ‘வித்’துக்குப் பின்னால் குளிர் இருக்கிறது, முன்னால் உதடு இருக்கிறது. குளிரில் உதடு நீலம் பாரித்தது.

நான்காவதுதான் கடினம். முகம் என்பது தோலும்தான், ஆளும்தான். அடிபட்ட முகமா, நோயில் வெளிறிய முகமா, கோபத்தில் மாறிய முகமா என்று அந்த ஒரு வரியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. புத்தகத்தைத் திறந்து அதற்கு முந்தைய பத்தியைப் படியுங்கள். அங்கே யாராவது அவனை அடித்திருக்கிறார்களா, அவன் படுக்கையில் கிடக்கிறானா, அல்லது அவனுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.